மூடியில் ஓர் ஓட்டை

எங்கள் வீட்டில் பிக்கப் வண்டிக்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட எனக்குக் கிடைத்ததில்லை. நான் குளிக்காமல் படுத்த நாள்கள் உண்டு. அது குளிக்காமல் நின்ற நாள் கிடையாது. கடற்கரை மணலில் இறங்கிவிட்டு வந்தால் உடனே அடிப்பாகம் முழுவதையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறி இரும்பைத் தின்றுவிடும் என்பது அப்பாவின் சட்டம். காரைக்கால்மேட்டில் எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் என்றால் குழாயில் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் வருவதுதான். அம்மா வீட்டுக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்பாள். நான் வண்டிக்காக வாளியோடு நிற்பேன். வரிசையில் இருந்த மற்றவர்கள் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அப்பா முதலிலிருந்தே வண்டிக்காரர் அல்ல, கடலுக்குப் போனவர். ஒருநாள் கரையில் படகு இன்ஜினைத் தூக்கும்போது முதுகில் ஏதோ பிசகிவிட்டது. மூன்று மாதம் படுக்கை. எழுந்து நடமாடத் தொடங்கியபோது, இனி வலை இழுக்கிற வேலையை நினைத்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகில் தனக்கிருந்த பங்கை அம்மாவின் அண்ணனிடம், அதாவது என் மாமாவிடம், விற்றுவிட்டு, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி வேலை எடுத்திருந்த ஒரு காண்டிராக்டரிடமிருந்து அந்தப் பழைய வண்டியை வாங்கிவந்தார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கனத்த வண்டி. பின்னால் என் தலையளவுக்கு ஒரு கொக்கி. முதல் மூன்று நாள் கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணீரே வந்தது. நான்காம் நாள்தான் அது வெள்ளை வண்டி என்று தெரிந்தது.

படகுகளை இழுப்பதுதான் அவருடைய திட்டம். அடிபட்ட ஃபைபர் படகுகளைக் கரையிலிருந்து தெருக்கோடிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்துவிட்டுத் திரும்பக் கரையில் இறக்க, அதுவரை வெளியூர் டிராக்டர் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. வருகிறேன் என்று சொல்வதோடு அந்த டிராக்டர்காரர் தன் கடமையை முடித்துக்கொள்வார். அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. ஊருக்குள்ளேயே ஒரு வண்டி இருந்தால் வேலைக்குப் பஞ்சமிருக்காது என்று அப்பா நம்பினார். படகை டிராலியில் ஏற்றி, கொக்கியில் மாட்டி, மணலில் புதையாமலிருக்கச் சக்கரங்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு அவர் இழுக்கிற அழகைப் பார்க்க நாங்கள் பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

ஆனால் கரைக்கு வந்தாலும் அப்பாவுக்குள் இருந்த கடல் வற்றவில்லை. வண்டியின் முன்பக்கத்தைப் படகுக்குச் சொல்வதுபோல அணியம் என்றே சொல்வார். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளை நம்பமாட்டார். படகில் செய்ததுபோலவே டேங்க் மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்தக் குச்சி விடும் வேலை என்னுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, டீசலில் தண்ணீர் கலந்துவிடுமோ என்ற பயம். ஒருமுறை நடுக்கடலில் அப்படிக் கலந்து இன்ஜின் நின்று, ஒரு பகலும் ஓர் இரவும் படகு அலைந்த கதையை எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து ஊட்டியிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்ட அன்று வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். டேங்க் மூடியைத் துடைக்கும்போதுதான் அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டேன். எனக்குப் பகீரென்றது. அலைத்தண்ணீர் தெறிக்கிற இடத்தில் ஓடுகிற வண்டி. டீசல் டேங்கில் ஓட்டை! அப்பாவுக்கே தெரியாத ஆபத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை வேறு. மாமாவின் படகில் விரிசலை அடைக்க வீட்டில் இரண்டு டப்பாவில் பிசின் வைத்திருந்தார்கள். இரண்டு டப்பாவிலிருந்தும் சமமாக எடுத்துப் பிசைந்து வைத்தால் கல்லாக இறுகிவிடும். பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, வெளியே தெரியாதபடி மேலே கொஞ்சம் கிரீஸையும் பூசினேன். டப்பாவைத் தொட்டது தெரிந்தால் முதுகு பழுத்துவிடும் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்தவள் என்ற நினைப்பில் அன்று முழுவதும் நிலைகொள்ளாமல் திரிந்தேன்.

வண்டி நிற்க ஆரம்பித்தது.

வீட்டு வாசலில் ஒரே திருப்பில் கிளம்பும். படகை மாட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் இழுத்ததும் திணறும், இருமும், நின்றுவிடும். அப்பா இறங்கி, "குச்சிய விட்டுப் பாரு" என்பார். நான் மூடியைத் திருகுவேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். பாவம், களைத்துப்போய்ப் பெருமூச்சு விடுகிறது என்று அதன் பக்கவாட்டைத் தடவிக் கொடுப்பேன். டீசல் நிறைய இருக்கும். அப்பா பானட்டைத் திறந்து பம்பை நாலு அழுத்து அழுத்துவார். வண்டி கிளம்பிவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் மறுபடியும் நிற்கும்.

கோவில்பத்திலிருந்த மெக்கானிக் நல்லவர், நிதானமானவர். ஃபில்டரை மாற்றினார். டீசல் குழாயைக் கழற்றி ஊதினார். நிலக்கரித் தூள் அடைத்திருக்கும் என்று டேங்கையே இறக்கிக் கழுவினார். அவர் பட்டறையில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் வண்டி நல்ல பிள்ளையாக ஓடும். அங்கே இழுக்க ஏது படகு? அம்மா தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். பூசணிக்காய் உடைத்தாள். வண்டி கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை.

மாமாவுக்கு இதெல்லாம் முதலிலேயே தெரியுமாம். எது நடந்தாலும் அவருக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும். "மாப்ள, சொன்னா கேளுங்க. தொறமுகத்துல ஒழச்சு ஓடாப்போன வண்டி, கொஞ்ச நாளு நல்லா ஓடுற மாதிரி நடிச்சிருக்கு. வந்த வெலைக்குத் தள்ளிவிடுங்க. கல்ஃபுக்கு ஆளெடுக்கிறாங்க, மீன்புடி போட்டுல வேல. ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிட்டு வந்துடலாம்" என்றார்.

அப்பா மறுநாள் பாஸ்போர்ட்டுக்காகப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வலையப் பிடிக்க இந்த முதுகு தாங்குமாங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எங்கள் தெருவிலேயே அப்படிப் போனவர் ஒருவர் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. அவர் பெயரை அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். எனக்கோ கல்ஃப் என்றால் வாசனை சோப்பும் பளபளக்கும் காகிதத்தில் சுற்றிய மிட்டாயும்தான். அப்பா போகட்டும், ஆனால் வண்டியை விற்கக் கூடாது என்பது என் கட்சி.

கடைசியாக ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு முடிவு சொன்னார்கள். கொட்டகையில் வேலை முடிந்த நான்கு படகுகள் நிற்கின்றன. அவற்றை ஒரே காலையில் நிற்காமல் கரையில் இறக்கிக் காட்டினால் இனிமேல் ஊர்ப் படகுகள் அனைத்தும் எங்கள் வண்டிக்குத்தான். முடியாவிட்டால் பழைய டிராக்டரையே கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்பா மெக்கானிக்கிடம் போய், "வேற ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. அது நிக்கிறப்ப நீ பக்கத்துல இருந்து பாத்தா போதும்" என்று கெஞ்சி அழைத்து வந்தார். பாஸ்போர்ட் காகிதங்களை வாங்கிக்கொள்ள கல்ஃப் ஏஜென்ட் மறுநாள் வருவதாக இருந்தது.

முதல் படகு இறங்கிவிட்டது. இரண்டாவது மாமாவின் படகு. மீன் ஏலம் முடிந்து பெட்டி ஏற்றிய வண்டிகள் வெளியே வருகிற நேரத்தில், தெரு மிகவும் குறுகுகிற இடமாகப் பார்த்து எங்கள் வண்டி நின்றது. முன்னாலும் பின்னாலும் ஹார்ன் சத்தம். பஞ்சாயத்தார் இருவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். மீன் கூடையோடு அம்மா ஓடிவந்தாள். அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மெக்கானிக் பானட்டுக்குள் தலையைவிட்டபடி, "நின்னதும் மொதல்ல என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

நான்தான் சொன்னேன். "நான் குச்சி விட்டுப் பாப்பேன். மூடியத் தொறந்தா அது பெருமூச்சு விடும்."

மெக்கானிக் தலையை நிமிர்த்தினார். "என்ன விடும்?"

"பெருமூச்சு. உஸ்ஸுன்னு."

அவர் வந்து தானே மூடியைத் திருகினார். உஸ்ஸென்றது. மூடியை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தால் கிரீஸைச் சுரண்டினார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இதுல ஒரு ஓட்ட இருக்கணும்ண்ணே. டீசல் எறங்க எறங்க அந்த வழியாத்தான் காத்து உள்ள போவும். படகு இழுக்குறப்ப டீசலு வேகமா எறங்கணும், காத்து போவலன்னா டேங்கு விடாது. யாரோ பிசின வச்சுக் கல்லு மாதிரி அடச்சிருக்காங்க. நீங்க குச்சி விடுறப்பல்லாம் மூடியத் தொறக்குறீங்க, காத்து போயிடுது, வண்டி ஓடுது. நோயி என்னன்னே தெரியாம தெனம் வைத்தியம் பாத்திருக்கீங்க."

எல்லோரும் மூடியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அப்பாவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. அந்தக் கட்டைவிரல் தேய்ப்பு யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாமா அந்த வெளிச்சத்தை நீடிக்கவிடவில்லை. "தொறமுகத்துக்காரன் வேலதான், வேற யாரு? இன்னிக்கு மூடி. நாளைக்கு எதுல என்ன அடச்சு வச்சிருக்கான்னு தெரியப்போவுது. இந்த வண்டிய நம்பி ஊரு படகக் கட்டி வுடலாமா?" என்றார். பஞ்சாயத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். அப்பாவின் முகம் மறுபடி பழையபடியே ஆகிவிட்டது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். முகம் தெரியாத துறைமுகத்துக்காரர் பழியைச் சுமந்துகொண்டிருப்பார், அவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. ஆனால் நான் தினமும் குளிப்பாட்டிய வண்டியைப் பார்த்து நம்பக் கூடாத வண்டி என்கிறார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"அது ஒண்ணும் கெட்ட வண்டி இல்ல! நாந்தான் அடச்சேன். தண்ணி உள்ள போயிடும்னு நாந்தான் அடச்சேன். ஸ்கூல் லீவு விட்ட அன்னிக்கு."

அப்பா வண்டியிலிருந்து இறங்கினார். என் முன்னால் வந்து குனிந்தார்.

"லீவு விட்ட அன்னிக்கா?"

"ஆமா."

"மறுநாள்தான மொதல்ல நின்னுச்சு?"

"ஆமாப்பா."

நான் கண்களை இறுக மூடிக்கொண்டு கன்னத்தைத் தயாராக வைத்தேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா பஞ்சாயத்தார் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கத்திக்கொண்டிருந்தார். "கேட்டீங்களா? எம் பொண்ணுதான் அடச்சிருக்கா! எம் பொண்ணு!"

மெக்கானிக் திருப்புளியால் பிசினைப் பெயர்த்தார். ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்ய, அம்மா தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். மாமாவின் படகு இறங்கியது. மூன்றாவது இறங்கியது. நான்காவது இறங்கியபோது வெயில் உச்சிக்குக்கூட வரவில்லை. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. இடையில் நின்றதைக் கணக்கில் சேர்க்காமல் பஞ்சாயத்தார் ஊர் வேலையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, மாமாவுக்கு இதுவும் முதலிலேயே தெரிந்திருந்தது.

எனக்கு மட்டும் அன்றைய நாள் நரகமாகிவிட்டது. அப்பா கரையில் பார்த்தவரையெல்லாம் நிறுத்தி அதையே சொன்னார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். ஐஸ் இறக்க வந்தவரிடம் சொன்னார். "வண்டில ஒரு கொறையும் இல்லீங்க. எம் பொண்ணு பண்ண வேல!" கேட்டவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு அடி போட்டிருந்தால்கூட அழுது முடித்துவிட்டு விளையாடப் போயிருப்பேன். இப்படி ஊர் முழுக்க என் மானத்தைக் கப்பலேற்றுகிற அப்பா வேறு யாருக்கு வாய்ப்பார்? இனி அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்து, அன்று மாலை வண்டியைக் கழுவவும் போகவில்லை.

அவரே வாளியை எடுத்துக்கொண்டு போனார். முதுகைப் பிடித்துப் பிடித்துக் குனிந்து கழுவினார். நடுநடுவே பாடினார். அப்போது போன் அடித்தது. ஏஜென்ட்.

"இல்லீங்க, நான் வரல" என்றார் அப்பா ஈரக்கையோடு. "வண்டி சரியாயிடுச்சு. ஊரு வேல பூரா நமக்குத்தான். கேளுங்களேன், நடந்தது என்னன்னா, எம் பொண்ணு..."

எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத மனிதருக்குமா? நான் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அடுப்படியில் அம்மா நின்றிருந்தாள். அப்பா ‘நான் வரல’ என்றதிலிருந்து எல்லாம் அங்கும் கேட்டிருக்கிறது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். எனக்கு நேர்ந்த அவமானம் இந்த வீட்டில் ஓர் ஆளுக்காவது புரிந்ததே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும் சேர்ந்து அழுதேன்.