மாதத் தாளும் என் வயிற்றுக் கலக்கமும்

கடைக்கு விளம்பரம் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு: யாராவது கடைக்குள் நுழைந்தால் நம்மால்தான் வந்தார்களோ என்று நெஞ்சு படபடக்கும், யாரும் நுழையாவிட்டால் நிச்சயம் நம்மால்தான் வரவில்லை என்று வயிறு கலங்கும். இந்த வியாதிக்காரர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எனக்கு அது எண்பதுகளின் நடுவில், பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு மசாலா மில்லில் வேலை பார்த்தபோது பிடித்தது.

அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான்கு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஓயாமல் தண்ணீர் வந்தது. டாக்டர் வேலையை மாற்றச் சொன்னார். மில்லில் பில் போடும் வேலை கிடைத்தது, கண்ணும் தப்பித்தது. மில்லுக்கு வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு என்று தனி அளவு இருக்கும். சாமானை வாங்கி, கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு போவார்கள். சூப்பர்மார்க்கெட்டில் பாக்கெட் தூள் வந்ததும் அந்தக் கூட்டம் மெலிய ஆரம்பித்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். மாதா மாதம் சமையல் குறிப்பு எழுதி ஒரு தாள் இலவசமாகக் கொடுப்போம், ஆட்கள் வருவார்கள் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்: "எழுதும்மா. தீபாவளி வரைக்கும் பாப்போம். கூட்டம் வரலேன்னா தாளும் வேணாம், பில்லு போட தனியா ஒரு ஆளும் வேணாம். நானே போட்டுக்கறேன்."

நல்ல தடிப்பான தாள்

முதல் தாளைத் தைப்பூசத்துக்குக் கொண்டுவந்தேன். என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்ததை அச்சகத்தில் அப்படியே படம் பிடித்து ஐந்நூறு பிரதி அடித்துத் தந்தார்கள். ஒரு பக்கம் கடையின் பெயரும் மசாலா விவரமும், மறுபக்கம் மூன்று வகைக் குழம்பு. ஒவ்வொரு எழுத்தையும் ஆறு முறை சரிபார்த்தேன். கொண்டைக்கடலையில் ஒரு கால் விட்டுப்போய்விட்டதோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் பக்கம் நின்று கொடுத்தேன். எல்லாரும் ஆசையாகக் கைநீட்டி வாங்கினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தால், அன்னதானச் சோற்றை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் கீழே என் குழம்பு. முந்திய ராத்திரி பெய்த மழையில் புல் ஈரமாக இருந்தது. ஒரு அம்மாள் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார். படித்துவிட்டார் போலிருக்கிறது என்று ஓடினேன். அவர் சொன்னது: "தாளு நல்லா தடிப்பா இருக்கு தங்கச்சி. இன்னும் ரெண்டு குடு லா, பிள்ளைங்களும் உக்காரணும்."

திருப்பக்கூடாத முருகன்

உட்காருவதைத் தடுக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அடுத்த தாளின் முன்பக்கம் முழுக்க முருகன் படம் போட்டேன். நம் ஜனங்கள் சாமி படத்தின் மேல் உட்காரமாட்டார்கள், குப்பையில் போடமாட்டார்கள், அதில் கருவாடு சுற்றமாட்டார்கள். பின்பக்கம் குறிப்புகள், அவற்றுக்குக் கீழே ஒரு சலுகை: இந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுவந்தால் நூறு கிராம் பெருஞ்சீரகம் இலவசம். மூன்று மாதம் இப்படியே போட்டேன். பெருஞ்சீரகத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அடுக்கி வைத்தேன். ஒரு பொட்டலம்கூட நகரவில்லை. முதலாளி தினமும் அந்த அடுக்கைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தராசைத் துடைக்கப் போய்விடுவார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

தாசேக் கெலுகோரிலிருந்து பஸ்ஸும் ஃபெரியும் ஏறி மாதம் தவறாமல் வரும் ஒரு அக்கா உண்டு. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மசாலா கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். சாமி அறையில் என் மூன்று மாதத் தாள்களும் சுவரோடு ஒட்டி வரிசையாக நின்றன. முருகனுக்கு நெற்றியில் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. குறிப்பும் சலுகையும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. "பின்னாடி படிச்சீங்களா அக்கா?" என்று கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "சந்தனம் வெச்ச சாமிய முதுகத் திருப்பிப் பாக்கச் சொல்றியா? பெருஞ்சீரகத்துக்காகவா?"

ரயில்வே கிராணி வீட்டம்மா

முருகனை எடுத்துவிட்டேன். இனி ஆட்களுக்கு நிஜமாகவே வேண்டியதை எழுதவேண்டும் என்று புத்தி வந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நம் கடைக்கு அதிகம் வருவதில்லையே, அவர்களைப் பிடிப்போம் என்று 'யாழ்ப்பாணத் தூள் செய்முறை' எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுத் தூளில் கொஞ்சம் மாற்றி, எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து அரைக்கவும் என்று எழுதிவிட்டேன். இதைச் செய்தது நான்தான், அச்சகத்தின் மேல் பழி போட வழியில்லை.

மூன்றாம் நாள், ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மனைவி வந்தார். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை. கையில் என் தாள், அதில் பள்ளிக்கூட நோட்டுத் திருத்துவதுபோல் சிவப்புப் பென்சிலில் கோடுகள். பத்துக்கு இரண்டு மார்க் போடாத குறைதான். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் தாளை என் முன்னால் வைத்துத் தட்டினார். "உதை எழுதினது ஆர் பிள்ளை?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "மல்லியையும் செத்தல் மிளகாயையும் கறுக்க வறுக்கவேணும். வறுக்காமல் அரைச்ச தூளிலை கறி வைச்சால் எங்கட வீட்டுப் பூனையும் தின்னாது."

அடுப்பில்லாத வாசகிகள்

அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கிக் கல்லா பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர்கள் கேட்பதை, குறை சொல்வதை எல்லாம் அதில் எழுதுவேன். அதிலிருந்துதான் அடுத்த மாதத் தாள் என்று வைத்துக்கொண்டேன். கிராணி வீட்டம்மாவின் வறுக்கும் பக்குவம் அதில் முதல் பக்கம். தூளில் வண்டு வராமலிருக்க என்ன செய்வது, மீன் கறியில் புளி கூடிவிட்டால் என்ன செய்வது என்று பக்கங்கள் நிறைந்தன. நிறைந்ததே தவிர, மில்லின் முன் வரிசை நீளவில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

தொழிற்சாலைப் பெண்களிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று பாயான் லெப்பாஸுக்குப் போனேன். போகவே பிடிக்கவில்லை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் பழைய எரிச்சல் வந்ததுபோல் இருந்தது. ஒரு சின்னப் பெண் தாளை வரி விடாமல் படித்துவிட்டு, "அக்கா, எங்க ரூம்ல எட்டுப் பேருக்கு ஒரு ரைஸ் குக்கர். ஆட்டுக்கறிய அதுல வெச்சா சோத்த எதுல வெக்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி, கடைக்குப் போனதும் நோட்டில் எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். என்னோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்த ராணி. என்னைக் கண்ட சந்தோஷத்தில் சொன்னாள்: "சாந்தி, ஒன் ஸ்டூலு இன்னும் காலியாத்தான் இருக்கு லா. எப்ப வர்றே?"

ஒரு ஜாதிக்காய்

அந்த ஸ்டூல் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நோட்டை எடுத்துப் புரட்டினால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப இருந்தது: தீபாவளி ஆட்டுக்கறிக்கு மசாலா அளவு என்ன? கேட்டவர்கள் யாரும் தங்கள் வீட்டு அளவைச் சொல்வதில்லை. சொத்தைக் கேட்டால்கூடக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு அளவு அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது, அம்மாவின் மாமியார் சொல்லி அம்மா எழுதியது. அதில் ஒரே ஒரு ஜாதிக்காய் சேரும். வேறு யார் வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். அம்மா பசாருக்குப் போயிருந்த நேரத்தில் கதவைத் திறந்து அதை அப்படியே தாளில் எழுதிவிட்டேன்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை முதலாளி வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் தாளைப் பார்த்தா வந்தீர்கள் என்று கேட்டார். ஒருத்தராவது ஆமாம் என்று சொல்லவேண்டுமே! "தாளா? எங்க வீட்டு அளவு எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஒருவர். "நாங்க எப்பவும் வர்றதுதான்" என்றார் இன்னொருவர். எல்லாரும் கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மத்தியானம் முதலாளி என் பக்கம் வந்து, "பாத்தியாம்மா. ஒருத்தர்கூட படிக்கல" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பில் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்போது மில்லை ஓட்டும் மாரி அண்ணன் தலையெல்லாம் மிளகாய்த் தூளோடு தும்மிக்கொண்டு வெளியே வந்தார். "மொதலாளி, ஜாதிக்காய் தீந்து போச்சு. காலையிலேருந்து வந்த அத்தன பேருக்கும் ஒரு கிலோ மொளகா, ஒன்னரக் கிலோ மல்லி, ஒரே ஒரு ஜாதிக்காய். என்னா மொதலாளி, ஊருல உள்ள பொம்பளைங்க எல்லாம் ஒரே மாமியாருக்கா வாக்கப்பட்டாங்க?"

முதலாளி தாளையும் நிறுத்தவில்லை என்னையும் நிறுத்தவில்லை, ஆனால் அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெரு முழுக்க எங்கள் வீட்டு ஆட்டுக்கறி மணக்க, அளவை ஊருக்குக் கொடுத்துவிட்ட மகளுக்கு அம்மா சாம்பார் வைத்தார்.