சீனப் படமும் சிவகாசி அத்தானும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவகாசியில் அக்கா வீட்டில் இரண்டு படம் பார்த்தேன். ஒன்று இங்கிலீஷ், ஒன்று சீனம். படத்தைவிட அத்தான் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அக்கா மகள் கயலுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா சரி என்றால்தான் போவாள். அத்தானோ அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். பட்டாசு ஃபேக்டரி நடத்துகிற மனுஷர், வீட்டில் மட்டும் சத்தமே போடமாட்டார். அந்த மௌனம் இருக்கிறதே... அப்பப்பா!

சினிமா காட்டி அப்பாவை வழிக்குக் கொண்டுவரலாம் என்பது கயலின் திட்டம். நான் கூட்டுக் களவாணி.

முதலில் இங்கிலீஷ் படம். "இது என் வாழ்க்கை" என்கிறாள் மகள். அப்பா கட்டிப்பிடித்து, உன் இஷ்டப்படி போ என்கிறார். நிமிஷத்துக்கொரு ஐ லவ் யூ வேறு! கயல் ஓரக்கண்ணால் பார்த்தாள். அத்தான் கொட்டாவி விட்டார்.

"பிள்ள அங்கன எங்க தங்கப் போகுதுன்னு அந்தாளு ஒரு வார்த்த கேக்கலையே" என்றார்.

திட்டம் நமத்துப் போனது.

அடுத்தது சீனப் படம். சீனா என்றாலே அத்தானுக்கு ஆகாது — தொழில் போட்டி! வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தவர், படத்தில் புத்தாண்டுக்குச் சரவெடி கொளுத்தியதும் நிமிர்ந்துவிட்டார். திரையில் மொத்தக் குடும்பமும் அழுதுகொண்டிருக்க, கொஞ்சம் பின்னால் ஓட்டு, அந்தச் சரத்தை இன்னொரு தரம் பார்க்கணும் என்கிறார். இந்த ஊரைத் தவிர வேறெங்கே இது நடக்கும், சொல்லுங்கள்?

அந்தப் படத்து அப்பாவும் ஊமைக்கோட்டான்தான். மகள் வெளியூர் கிளம்புகிறாள். போ என்றும் இல்லை, போகாதே என்றும் இல்லை. அவளுடைய ஷூவைத் துடைத்து வாசலில் வைக்கிறார். அவ்வளவுதான். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். கயல் அழுதேவிட்டாள்.

வெள்ளைக்காரர் படத்தில், பிள்ளையை அதன் போக்கில் விட்டால் பாசம். சீனப் படத்தில், பிள்ளைக்காக ஏதாவது செய்துகொண்டே இருந்தால் பாசம். நாம் எதில் சேர்த்தி? பஸ் ஏறி வீடு திரும்பும்வரை யோசித்தேன்... பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கயல் போன் செய்தாள். உடனே வாங்க மாமா என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. பதறிக்கொண்டு போனேன்.

கூடத்தில் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள். காராச்சேவு, வத்தல், பருப்புப் பொடி, கம்பளி... எல்லாம் அத்தான் கையாலேயே அடுக்கி, டேப் ஒட்டி, கயிறு போட்டுக் கட்டியது. விசாவுக்கே இன்னும் எழுதிப் போடவில்லை! அதைவிடக் கூத்து, பெட்டி இரண்டும் ஃபேக்டரிப் பெட்டி. நாலு பக்கமும் ராக்கெட் படம், 'வெடிபொருள்' என்று கொட்டை எழுத்து. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

கயல் சிரிப்பும் அழுகையுமாக, "இதத் தூக்கிக்கிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனா என்னைய உள்ள வச்சிருவாகப்பா" என்றாள்.

அத்தான் பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"பெட்டிய மாத்திக்கிடலாம் தாயி. நீ போயிட்டு வா."

கயல் அப்படியே கட்டிக்கொண்டாள். பாவம், அத்தானுக்குத்தான் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை!