தீவில் ஒரு வெறும் வீடு

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபமில்லை. செல்வராஜாவைத் தெரிந்தவர்கள் நிறுத்த மாட்டார்கள். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. வேலைக்குப் பிந்திப் போனால்கூட, தூங்கிவிட்டேன் என்று மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்குகிறவர். நியூ ஜெர்சியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. அதனால் எதற்கும் மணி பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம். அன்றைக்கும் குறித்தார். இங்கே வரும் நேரங்கள் எல்லாம் அவருடைய சின்னக் கொப்பியில் இருப்பவைதான்.

1987 ஜனவரி 22, வியாழக்கிழமை. நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற சிற்றூர். பட்டப்பகல்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

செல்வராஜா, மனைவி நேசமலர், ஏழு வயது மகள் ஷாமினி. மூன்று பேர் மட்டும்தான். கொழும்பில் அவர்களுக்கு ஒரு சொந்த வீடு இருந்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் கும்பல் முன்கதவை உடைத்தபோது, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்மதில் ஏறிக் குதித்தார்கள். வீட்டை எரிக்கவில்லை. இப்போது அதில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. நாட்டை விட்டு ஒரு நாள் வெளியே போனாலும் திரும்பி வர முடியாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்டவர் கரீபியன் தீவு ஒன்றில் வீடு வாங்கினார் என்றால் சிரிப்பீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இலவசச் சாப்பாடு, கூடவே ஸ்லைடு படம். நீலக் கடல், தென்னை, காய்த்துத் தொங்கும் ஈரப்பலா மரம். பேசியவர் வெள்ளை சூட் போட்ட தரகர். வாழ்க்கையை அனுபவிக்க வேண்டாமா சார் என்று கேட்டார். நாலு வருஷமாக அந்தக் கேள்வியைச் செல்வராஜாவிடம் யாரும் கேட்டதில்லை. மனிதர் மடங்கிவிட்டார்.

"சோத்துக்குப் போனவன் வீட்டோட வாறான்" என்று நண்பர் அரியரட்ணம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவர் இரண்டு தெரு தள்ளி இருப்பவர்.

போக முடியாத வீட்டைக் கொண்டு என்ன செய்வது? ஒத்திகை பார்த்தார்கள். சனிக்கிழமைகளில் ஹீட்டரைக் கூட்டிவைப்பார்கள். செல்வராஜா அரைக்காற்சட்டை போட்டுக்கொண்டு தகர டின் மாம்பழச் சாறு குடிப்பார். ஷாமினி நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு கார்ப்பெட்டில் நீந்துவாள். வெளியே பனி கொட்டும். நேசமலர் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலம். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு வீடும் வாங்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தை பிறந்த வாரம் தபாலில் ஒரு கட்டு வந்தது. பத்திரத்தின் நகல், ஒரு சாவி, ஒரு புகைப்படம். வெள்ளைச் சுவர், மூடிய பச்சைக் கதவு, முன்னால் விறாந்தை. விறாந்தையில் ஒரு நாற்காலி.

நாற்காலியில் ஒரு கிழவி. ஓலைத் தொப்பி முகத்தை மறைத்திருந்தது. மடியில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

"ஆரப்பா இது? எங்கட விறாந்தையில?" என்றாள் நேசமலர்.

"காவல்காரியா இருக்கும்."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. வாங்கிய வீட்டில் பால் காய்ச்சாமல் விடக் கூடாது என்பது அவள் பிடிவாதம். "அங்க போகேலாட்டி என்ன? இஞ்சயே காய்ச்சுவம். இருபத்திரண்டு நல்ல நாள். ஆனா பால் பொங்கேக்க வீட்டில வேற ஆக்கள் இருக்கக் கூடாது. சொல்லிப்போடுங்கோ."

செல்வராஜா தரகருக்கு ஃபோன் அடித்தார். இருபத்திரண்டாம் தேதி காலையில் அது வெறும் வீடாக இருக்க வேண்டும், பழைய ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம் என்று அழுத்திச் சொன்னார். "ஒரு பிரச்சினையும் இல்லை, சார்" என்றார் தரகர்.

அன்று காலை பனிப்புயல். பள்ளிக்கூடம் இல்லை, வேலை இல்லை. நேசமலர் சமையலறை மேடையில் நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கு ஏற்றினாள். புகைப்படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் சாவியை வைத்தாள். சாவியில் மஞ்சள் நூல் கட்டி ஒரு சின்ன அட்டை தொங்கவிட்டிருந்தாள். அட்டையில் தன் கையெழுத்தில் 'எங்கட வீடு' என்று எழுதியிருந்தாள். 10:52க்குப் பால் அடுப்பில் ஏறியது. அரியரட்ணமும் மனைவியும் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

11:04. பால் நுரைத்து எழும்பியது.

டொக்... டொக்... டொக்.

"திறந்துதான் கிடக்கு! உள்ள வாங்கோ!" என்று அடுப்படியிலிருந்தே நேசமலர் கூப்பிட்டாள். பால் பொங்கும்போது பானையை விட்டு நகரக் கூடாதே.

கதவு திறந்தது. காற்று உள்ளே வந்தது.

வெதுவெதுப்பான காற்று. வெளியே பனிப்புயல்... உள்ளே வந்ததோ பாசி பிடித்த தண்ணீரின் வாடையோடு ஒரு சூடான காற்று. செல்வராஜா வாசலுக்குப் போனார். யாரும் இல்லை. படியில் முழங்கால் அளவு பனி. அதில் ஒரு கால் தடம்கூட இல்லை.

"ஆரப்பா வந்தது?"

"ஒருத்தருமில்லை."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் கார்ப்பெட்டைப் பார்த்தார்.

ஈரத் தடங்கள். வெறுங்கால். வாசலில் தொடங்கி, ஹாலைத் தாண்டி, ஷாமினியின் அறை வரைக்கும் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை.

சமையலறையில் பால் பொங்கவில்லை. எழும்பிய நுரை அப்படியே கீழே இறங்கியது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நேசமலர் பானையைத் தொட்டுப் பார்த்தாள். பானை சில்லென்று இருந்தது.

11:20. ஃபோன். அரியரட்ணம்.

"செல்வா, குறை நினையாதையும். கார் வெளிக்கிடாது. நாங்கள் வீட்டிலதான் நிக்கிறம்."

செல்வராஜா ஃபோனை வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் தட்டியது யார்?

டொக்... டொக்... டொக்.

இந்தத் தடவை கதவில் இல்லை. காலுக்குக் கீழே.

அவர்கள் இருந்தது தரைத்தளம். அடியில் நிலவறை கிடையாது. கார்ப்பெட், அதன் கீழே சிமெண்ட், அதன் கீழே மண். அவ்வளவுதான். அந்த மண்ணுக்குள்ளே தண்ணீர் அலையும் சத்தம் கேட்டது.

11:31. ஷாமினி அறையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?"

அவள் தரையில் கவிழ்ந்து படுத்திருந்தாள். காது கார்ப்பெட்டில். இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். "ஷீ இஸ் கோல்ட், அப்பா."

"ஆருக்குக் குளிருது?"

"த லேடி. கதவைத் திறக்கட்டாம்."

"எந்தக் கதவு?"

பிள்ளை தரையைக் காட்டினாள்.

அவளைத் தூக்கினார். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. உடம்பு ஐஸ். விரல் நுனிகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்ததுபோலச் சுருங்கியிருந்தன. நகங்களுக்குள் பச்சையாக ஏதோ... பாசி.

நேசமலர் ஓடி வந்தாள். அவள் கையில் அந்தப் புகைப்படம்.

"இஞ்ச பாருங்கோ. இதைப் பாருங்கோ."

பச்சைக் கதவு திறந்திருந்தது.

நாற்காலி காலியாக இருந்தது.

12:10. அறையில் வெப்பமானி எண்பத்து நாலு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. பிள்ளையை மூன்று போர்வையில் சுற்றியிருந்தார்கள். உடம்பு சூடேறவில்லை. செல்வராஜா போலீசுக்கு ஃபோன் அடித்தார். எல்லாத் தெருவும் மூடியிருக்கிறது, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதற்குப் பிறகு ஃபோனும் செத்துவிட்டது. கதவைத் திறந்தார். காற்று குவித்த பனி மார்பளவுக்கு அடைத்துக் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஏறிக் குதிக்க ஒரு மதிலாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

டொக்... டொக்... டொக்.

ஷாமினி முகவாயைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கத் தொடங்கினாள். தண்ணீருக்கு மேலே வாயை வைத்திருக்கப் பாடுபடுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"ஓப்பன் இட், அப்பா... ப்ளீஸ்... ஓப்பன் இட்..."

1:25. செல்வராஜா கத்தியால் கார்ப்பெட்டைக் கிழித்தார். கீழே சிமெண்ட். சுத்தியலால் அடித்தார். சிமெண்ட். கை பிய்ந்து ரத்தம் வந்தது. அவர் அடிக்கும்போதெல்லாம் அடியில் தட்டல் வேகமானது. யாரோ அவர் வருவதைக் கேட்டுவிட்டதுபோல.

எதுவும் திறக்கவில்லை. திறக்க அங்கே எதுவும் இல்லை.

2:40. தட்டல் குறைந்தது. டொக்... டொக்... பிறகு நீண்ட இடைவெளி. ஷாமினியின் உதடு நீலமாகிவிட்டது. நேசமலர் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது நான்தானே, நான்தானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

செல்வராஜா தரையில் விழுந்தார். நெற்றி சிமெண்டில்.

"அம்மா, பிள்ளையை விடுங்கோ. அந்த வீடு உங்கட. எங்களுக்கு வேண்டாம். தன்ர வீட்டில வேற ஆக்கள் பால் காய்ச்சினா எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். எங்களை விட்டிட்டுப் போங்கோ... போங்கோ அம்மா..."

டொக்.

பிறகு ஒன்றும் இல்லை.

3:17.

ஷாமினி ஒரு நீண்ட மூச்சு விட்டாள். கன்னத்தில் சூடு ஏறியது. கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்றாள். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. கார்ப்பெட் காய்ந்திருந்தது. சமையலறையில் பால் பானையிலிருந்து வழிந்து மேடையெல்லாம் பரவியிருந்தது. குத்துவிளக்கு எரிந்தது.

சாவியை மட்டும் காணவில்லை. நூலும் இல்லை, அட்டையும் இல்லை. வீடு முழுக்கக் கவிழ்த்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

பிப்ரவரி நடுவில் தீவின் போலீஸ் நிலையத்திலிருந்து பதிவுத் தபாலில் ஒரு உறை வந்தது. பத்திரத்திலிருந்து உங்கள் விலாசம் கிடைத்தது என்று கடிதம் தொடங்கியது. அந்த வீட்டை விற்கத் தரகருக்கு எந்த உரிமையும் கிடையாதாம். வீட்டுக்காரி தனியாக இருந்த ஒரு முதியவள். பலர் கேட்டும் வீட்டை விட்டு இறங்க மறுத்தவள். தரகரை இப்போது காணவில்லை.

அந்தத் தீவில் மழைத் தண்ணீரை வீட்டுத் தரைக்கு அடியில் தொட்டி கட்டிச் சேமிப்பார்கள். தரையில் ஒரு மூடி இருக்கும். ஜனவரி 26ஆம் தேதி மூடியைத் திறந்து அவளை எடுத்திருக்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் அவள் கழுத்தளவுதான். கைவிரல் நகங்கள் எல்லாம் உடைந்திருந்தன. மூடி மேலேயிருந்து தாழ் போடப்பட்டிருந்தது.

22ஆம் தேதி மதியம் பன்னிரண்டுக்குச் சற்றுப் பிறகு தொடங்கி நாலு மணி தாண்டும் வரை உள்ளே தட்டல் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். புது வீட்டுக்காரர்கள் பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்தாராம்.

தீவின் மணி நியூ ஜெர்சியை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். செல்வராஜா கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். 12:04. 4:17.

உறைக்குள் வேறு ஏதோ கனத்தது. கவிழ்த்தார். மேசையில் சாவி விழுந்தது. மஞ்சள் நூல். தண்ணீரில் ஊறி மை கலைந்த அட்டை. நேசமலரின் கையெழுத்து.

இது இறந்தவளின் மூடிய கைக்குள் இருந்தது, இதில் எழுதியிருப்பது எந்த மொழி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, நீங்கள் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

கடைசியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. 21ஆம் தேதி மாலை தரகர் அந்தக் கிழவியுடன் உரக்கச் சண்டை போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி காலையில் இது வெறும் வீடாக இருந்தே ஆக வேண்டும், வாங்கியவர்களின் வழக்கம் அப்படி என்று தரகர் கத்தினாராம். அது என்ன வழக்கம் என்று தெரிவிக்க வேண்டும்.

செல்வராஜா இன்றுவரை பதில் எழுதவில்லை.