மூன்றாம் தடவை வந்த சில்லு

என்னுடைய காருக்கு நல்ல எஞ்சின் இருந்தது, புது பிறேக் இருந்தது, சிவப்புத் தோல் தைத்த இருக்கைகள் இருந்தன. உருளச் சில்லு மட்டும் இல்லை. பழைய சில்லுகள் துருவேறி உதிர்ந்துவிட்டதால், பாரிசுக்கு அருகே லா கூர்னெவில் ஜெர்மேன் என்ற மெக்கானிக்கின் கறாஜுக்குள் நான்கு இரும்புக் கட்டைகளின் மேல் அது குந்தியிருந்தது.

அமெரிக்கக் கார். என்னைவிட மூத்தது. கதவு இரண்டு, மூக்கு நீளம், பெற்றோல் குடிப்பதில் வெட்கமே இல்லை. உணவகத்தில் சமைக்கிறவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி சாரதாதேவி கேட்காத கேள்வியையா கேட்டுவிடப் போகிறீர்கள்.

பாரிசுக்கு வந்த புதிதில் நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பின்பக்க ஒழுங்கையில் இப்படியொரு கார் வந்து நின்று உறுமியது. அடுக்கி வைத்த பீங்கான்கள் எல்லாம் கிணுகிணுத்தன. ஒன்று விழுந்து உடைந்தது. முதலாளி என் முகத்துக்கு நேரே வந்து ஏசினார். வாய் அசைவது தெரிந்தது, ஏச்சுக் கேட்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. கழுவுகிறவன் சமையற்காரன் ஆனேன், தலைமயிர் போனது, பைத்தியம் போகவில்லை.

ஆனால் வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாரதா விடியமுன்னம் அலுவலகங்கள் துடைக்கப் போவாள். நான் உணவகம் பூட்டிய பிறகுதான் சார்செல்லில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேருவேன். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் நாங்கள் கூடுதலாகப் பேசிக்கொண்டது வாசற்கதவடியில்தான். அதுவும் சோறு எங்கே இருக்கிறது, கதவுத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதுதான். ஒருநாளாவது பக்கத்தில் பக்கத்தில் இருந்து எங்கேயாவது போகவேண்டும் என்று எனக்கு ஆசை. இதை அவளிடம் சொல்லத் தெரியாமல், "பழசுக்கு விலை ஏறும்" என்று சொல்லிவைத்தேன். அவள் அதற்கு இரும்புப் பெட்டி என்று பெயர் வைத்தாள்.

கடைசியில் தைப்பூசத்தன்று காரை லா சப்பல் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பது என்று முடிவானது. சாரதா லீவு எடுத்தாள். அவள் லீவு எடுப்பது எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி.

"கோயில் எண்டபடியால் வாறன். அண்டைக்கும் ஏதும் சாட்டுச் சொன்னியள் எண்டால், இனி அந்தப் பெட்டியைப் பற்றி என்னோடை ஒரு கதையும் வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆகவே தைப்பூசத்துக்கு முன் சில்லு தேடவேண்டும்.

மனிதர்கள் பெண் பார்ப்பதற்குக்கூட நான் சில்லுக்குப் பார்த்த அவ்வளவு படம் பார்த்திருக்கமாட்டார்கள். அகலமான ஐந்து கை உள்ள சில்லு. சைக்கிள் மாதிரிக் கம்பி பின்னிய சில்லு. ஆறு கை விரித்த, பளபளவென்ற சில்லு. மூன்றிலும் ஆசை. வீதியில் எதிரே வருகிற ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் கார்களின் கால்களையே பார்த்து நடந்து, ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு விளக்குக் கம்பத்திடம் "பர்தோன்" என்று மன்னிப்பும் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது மரக்கறிக் கடை நீக்கிலாஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தப்ப வழியில்லை, உள்ளே போய் அவனிடமே தொலைபேசியிலிருந்த சில்லுப் படங்களை நீட்டினேன்.

"தவம் அண்ணை, வெண்டிக்காய் வாங்க வந்தனியளோ, படம் காட்ட வந்தனியளோ?"

"இந்த மூண்டிலை எது வடிவு எண்டு சொல்லு."

"மூண்டும் வட்டமாத்தான் கிடக்கு அண்ணை."

மனிதர் கைவிட்டால் முருகனிடம் கேட்பது எங்கள் வழக்கம். சுவாமிக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது. வேறு வேறு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்து வைத்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒருவரைக் கொண்டு ஒன்றை எடுப்பிக்க வேண்டும். வருவது சுவாமி வாக்கு. நான் பூவுக்குப் பதிலாகச் சில்லுப் படங்களை வெட்டி, திருநீறு வைத்து மடித்தேன். விளக்கேற்றினேன். வேலையால் வந்து முகம் கழுவிய சாரதாவைக் கூப்பிட்டேன்.

"என்னத்துக்கு?"

"ஒரு நல்ல அலுவலுக்குத்தான். நினைச்சுக்கொண்டு எடும்."

அவள் கண்ணை மூடினாள். நெடுநேரம் மூடியிருந்தாள். கண்ணோரம் ஈரம்கூடத் தெரிந்தது. என் காரில் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

என் பக்கம் திருப்பி, அவளுக்குத் தெரியாமல் பிரித்தேன். ஐந்து கை. நல்லதுதான், ஆனால் படத்தில் வெளிச்சம் குறைவு. குலுக்கிப்போட்டு இன்னொருக்கா எடுக்கச் சொன்னேன். திரும்பவும் ஐந்து கை. தைப்பூசம் நெருங்கும் காலம், முருகனுக்கு ஆயிரம் சோலி இருக்கும், என் விஷயத்தைக் கவனமாகக் கேட்டிருக்க மாட்டார் என்று எண்ணினேன். மூன்றாம் தடவை ஆறு கை வந்தது. எனக்கு உடம்பு புல்லரித்தது. கை ஆறு, நடுவில் ஆணி பூட்டும் ஓட்டையும் ஆறு. ஆறுமுகன் இதைவிட வேறு எப்படிச் சொல்வார்? எனக்கு முதலிலிருந்தே பிடித்திருந்தது அதுதான் என்பதை ஒரு பொருட்டாக நான் எடுக்கவில்லை. அன்றைக்கே வாங்கினேன். ஜெர்மேனிடம்கூடச் சொல்லவில்லை, பார்த்து அசரட்டும் என்று.

தைப்பூசத்தன்று காலையில் சாரதா பச்சைப் பட்டுச்சேலை கட்டி, சில்லுகளுக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழங்களும் கொண்டு கறாஜுக்கு வந்தாள். எண்ணெய்த் தரையில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். நான் பெட்டிகளைப் பிரித்துச் சில்லுகளை வரிசையாக நிறுத்தினேன்.

ஜெர்மேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு காரடிக்குப் போனார். குனிந்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்தார்.

"ரத்னம், உன் காரில் ஆணி ஐந்து" என்றார் பிரெஞ்சில். என் பெயரில் பின்பாதிதான் அவர் வாயில் வரும்.

"கொஞ்சம் தட்டிப் பார்த்தால்?"

"தட்டினால் ஐந்து ஆறாகாது. இது சின்ன லொறிக்கு உரியது. ஏன் ஆறு ஓட்டை வாங்கினாய்?"

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஆறு முகங்களையும் விளக்கினேன். ஜெர்மேன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடவுளின் வாகனம் என்ன?"

"மயில்."

"அதற்குச் சில்லு உண்டா?"

சாரதா கிட்ட வந்தாள்.

"என்னவாம்?"

மறைக்க வழியில்லை. பூக்கட்டிப் பார்த்ததையும் முதலிரண்டு தடவையும் ஐந்து வந்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அப்ப அண்டைக்கு என்னைக்கொண்டு எடுப்பிச்சது?"

"சில்லு."

"சில்லோ? நான் பிள்ளைக்கு வந்த மூண்டு சம்பந்தமும் எண்டெல்லே கண்ணை மூடி எடுத்தனான்."

எங்கள் மகள் மிருணாளினி லியோனில் வேலை செய்கிறாள். அவளுக்கு மூன்று இடத்திலிருந்து பேச்சு வந்திருந்தது உண்மைதான்.

"மூண்டாந்தரம் உங்கடை முகம் மலர்ந்ததைப் பாத்து, அது உங்களுக்குப் பிடிச்ச நோர்வேப் பெடியன்தான் எண்டு முடிவெடுத்து, அவளுக்குப் போன் அடிச்சுச் சண்டை பிடிச்சுப்போட்டன். பிள்ளை இண்டைவரைக்கும் என்னோடை கதைக்கேல்லை. லொறிச் சில்லுக்கு நான் அழுது கும்பிட்டிருக்கிறன்."

"சாரதா…"

"ஒரு கதையும் வேண்டாம்."

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். கையில் எலுமிச்சம்பழப் பை ஆடியது. முருகா என்று கூப்பிட வாயெடுத்தேன். இரண்டு தடவை சொன்னதைக் கேட்காதவன் எந்த முகத்தோடு கூப்பிடுவது?

ஜெர்மேனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மனைவியின் கோபம் தெரியும். ஒரு மூலைக்குப் போய்க் கறுப்பு இரும்புச் சில்லுகளை உருட்டிக்கொண்டு வந்தார். நிறம் பூசப் போயிருந்த வேறொருவருடைய காருக்குரியவை. அலங்காரம் ஒன்றும் இல்லை, அடிப்பிடித்த தாச்சி மாதிரி இருந்தன. "ஐந்து" என்று விரலைக் காட்டிச் சிரித்தார். "திங்கட்கிழமை திருப்பித் தா. பூட்ட அரைமணி நேரம். மதாமுக்கு ஒரு கோப்பி?"

சாரதா கோப்பி குடிக்கமாட்டாள். ஆனால் மாட்டேன் என்று பிரெஞ்சில் சொல்ல அவளுக்கு எப்போதும் கூச்சம். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நான் கவிழ்ந்து கிடந்து ஆணி இறுக்குவதைப் பார்த்தபடி நின்றாள். அவள் கால் இரண்டும் எனக்குத் தெரிந்தன. அவை போகவில்லை.

"கோயில் மட்டும்தான். திரும்பேக்கை நான் ரயிலிலை போவன்" என்றாள், காரில் ஏறும்போது.

எஞ்சினைப் போட்டேன். கறாஜின் தகரமெல்லாம் அதிர்ந்தது. சாரதா ஒரு கையால் பூசைத்தட்டையும் மறுகையால் கதவையும் பிடித்துக்கொண்டாள். லா சப்பலை நெருங்கினோம். மெட்ரோப் பாலத்தடியில் சிவப்பு விளக்கு விழுந்தது. கரையில் நின்ற இரண்டு தமிழ்ப் பெடியள் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணை, கார் சுப்பர். சில்லு என்ன வாடகைக்கோ?"

நான் கண்ணாடியை ஏற்றப் பார்த்தேன். அது நடுவழியில் இறுகிவிட்டது. சாரதா என் பக்கம் சரிந்து அவர்களிடம் சொன்னாள்:

"ஓம் தம்பி, வாடகைக்குத்தான். சாமி தந்தது இவருக்குப் பிடிக்கேல்லை."

விளக்கு பச்சையானது. அவள் தொலைபேசியை எடுத்து மகளுக்கு அடித்தாள்.

"பிள்ளை, வைச்சிடாதை. அது மாப்பிள்ளை இல்லை, சில்லு. ஓம், கார்ச் சில்லு. உன்ரை அப்பா வாங்கினது. இல்லை, அதுவும் பொருந்தேல்லை."

அந்தப் பக்கம் மிருணாளினி பிரெஞ்சில் கத்துவது கேட்டது. பிறகு சிரித்தாள். சாரதாவும் சிரித்தாள், தட்டிலிருந்த திருநீறு சேலையெல்லாம் கொட்டும்படி. அவள் அப்படிச் சிரித்துப் பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. அவள் சிரிக்கிற நேரங்களில் நான் உணவகக் குசினியில் நின்றிருப்பேன் போலும்.

கோயில் வாசலில் குருக்கள் வந்து தீபம் காட்டினார். தாச்சிச் சில்லுகள் நான்குக்கும் சந்தனம் பூசினார், குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. எலுமிச்சம்பழங்களின் மேல் ஏற்றிக் காரை முன்னே எடுத்தேன். பூசை முடிந்தது. நான் இறங்கிப்போய் அவள் பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன்.

அவள் இறங்கவில்லை. இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினாள்.

"ரயிலிலை போறன் எண்டனீர்?"

"ரயில் ஓடேல்லையாம்" என்றாள், முன்னால் பார்த்தபடி.

கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து ரயில் போகும் சத்தம் நன்றாகவே கேட்டது. நான் கதவைச் சாத்தினேன்.