அக்கா ஏறினால் நிற்கும் கார்

ஒயரைத் தடவியே தலை நரைத்தவர் என்பதால் எல்லோரும் அவரை ஒயர்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். மற்ற மெக்கானிக்குகள் கைவிட்ட வண்டியெல்லாம் கடைசியில் அவர் ஷெட்டுக்குத்தான் வரும். அப்பேர்ப்பட்டவருக்கே தன் அக்கா மருமகனின் கார் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் நின்று வண்டி அணைந்துவிடும். அதுவும் அக்கா பின்னால் உட்கார்ந்து வரும் நாட்களில் மட்டும். அத்தைக்கு ராசி இல்லை என்று மருமகன் முதலில் சிரித்துக்கொண்டே சொன்னார், பிறகு சிரிக்காமல் சொன்னார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் அப்படிச் சொன்னால் எங்கே போய்த் தைக்கும் என்று தெரியாத மனுஷனா? பாழாய்ப்போன வாய். போகப்போக அக்காவே அதை நம்ப ஆரம்பித்ததுதான் ஒயர்க்காரருக்குப் பொறுக்கவில்லை.

அன்று காலை அக்காவும் மருமகனும் ஷெட்டில் வண்டிக்காகக் காத்திருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த அக்கா மகளுக்கு வலி எடுத்துவிட்டது. அம்மா வேண்டும் என்று அழுகிறாளாம்.

"மாமா, அத்தை இங்கயே இருக்கட்டும். நடுவழியில நின்னுட்டா நான் என்ன பண்றது?" என்றார் மருமகன்.

"அவர் சொல்றது சரிதான்டா," என்று அக்கா துணிப்பையை நீட்டினாள். "மாப்ள, இத மட்டும் அவகிட்ட குடுத்துடுங்க."

ஒயர்க்காரருக்குச் சுருக்கென்றது. ஃப்யூஸ், ரிலே, பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது. பம்ப் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது; சீட்டைக் கழற்றினால்தான் கை போகும். அப்படிக் கழற்றிச் சோதிக்கும்போதெல்லாம் கரண்ட் சரியாக வருகிறது, வண்டி நல்ல பிள்ளையாக ஓடுகிறது. இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடுப்பில் சீட்டைத் தூக்கி மாட்டினார்.

"அக்கா, ஏறு."

"வேணாம்டா. என்னால எதுக்கு..."

"ஏறுக்கா."

அவள் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். பம்பின் முனகல் சட்டென்று நின்றது. இன்ஜின் குலுங்கி அணைந்தது.

"பாத்தியா?" என்று கண் கலங்கி இறங்கினாள் அக்கா.

அவள் இறங்கியதும் சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட் ஆனது. ஒயர்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை நாளும் சீட்டோடு சேர்த்து நோயையும் முதலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அப்புறம் அல்லவா தேடியிருக்கிறார்!

"மாப்ள, நீங்க உக்காருங்க. அதே இடத்துல."

"நானா? எதுக்கு மாமா?"

உட்கார்ந்தார். இன்ஜின் அணைந்தது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தால், அதன் இரும்புக் கால் பம்புக்குப் போகும் ஒயரின் மேலேயே நின்றிருந்தது. உறைக்குள் செம்பு அறுந்து, ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது. மேலே பாரம் ஏறினால் பிரிந்துவிடும்; பின்சீட்டில் ஏறுகிற ஆளோ அக்கா ஒருத்திதான். போன் மறுபடி அடித்தது. அந்த இடத்தை வெட்டிப் புது ஒயர் சேர்த்து, சீட்டுக் காலுக்கு எட்டாமல் ஒதுக்கிக் கட்டினார். சீட்டை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, மருமகனை மறுபடி உட்காரவைத்துக் குதிக்கச் சொன்னார். இன்ஜின் நிற்கவில்லை.

மருமகன் அசடு வழிய முன்கதவைத் திறந்துவிட்டு, "வாங்க அத்தை," என்றார்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பின்கதவைத் திறந்து, அதே இடத்தில், இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க மாப்ள. எம்பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா."