அந்த ‘ஆம்’ எங்கே போனது?

என் நாத்தனார் வரலாற்றில் எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். காலையில் கல்லூரி; மதியத்துக்கு மேல், நான் வேலை செய்யும் தையல் கூடத்தில் பட்டன் தைப்பாள். அங்கே அவளுக்குச் ‘செத்தவங்க டீச்சர்’ என்று பெயர். செத்துப்போன ராஜாக்களைப் படித்து யாருக்குச் சோறு போடப்போகிறாள் என்று என் மாமியார் கேட்காத நாள் இல்லை. எட்டாவதோடு நின்றவள் நான். எனக்கும் பதில் தெரியாது.

அன்று காலை கூடத்தைத் திறந்தபோது இஸ்திரி மேசை கருகிக் கிடந்தது. இஸ்திரிப் பெட்டி ராத்திரி முழுக்க அணையாமலே இருந்திருக்கிறது. அனுப்ப வைத்திருந்த சட்டைக்கட்டு பாதி சாம்பல். இஸ்திரி போடுபவள் நான். மதியத்துக்குள் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள்: கடைசியாகப் போனது நான்தான், சுவிட்சை அணைக்காமல் போய்விட்டேன்.

மேற்பார்வையாளர் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

“மூணு பேரு சொல்றாங்க. மூணு பேருமா பொய் சொல்வாங்க? நாளைலேருந்து வர வேணாம்மா.”

அணைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலு பேர் பார்த்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் தோளில் பையோடு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். என் பக்கம் வரவில்லை. நேரே சட்டை மடிக்கும் அக்காவிடம் போனாள்.

“அக்கா, நீங்க பாத்தீங்களா?”

“அவதான் கடைசியா போனா.”

“உங்க கண்ணால?”

அக்கா தடுமாறினாள். “போனாளாம். கட்டிங் மாஸ்டர் சொன்னாரு.”

“‘போனாளாம்’ல இருக்கற அந்த ‘ஆம்’ இப்பத்தான் வருது” என்றாள் நாத்தனார்.

கட்டிங் மாஸ்டருக்கு மெஷின்காரர் சொன்னாராம். அவரிடமும் போய்க் கேட்டாள்; அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தார். நூல் நுழையவே இல்லை. கடைசியில் அவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார்.

“நீங்கதான் சார். கதவத் திறக்கறப்ப, ‘அவதான் கடைசியா போயிருப்பா’ன்னீங்க.”

மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது. “என்னையே விசாரிக்கிறியா?”

நாத்தனார் தோளிலிருந்த பையை இறக்கிக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“மூணு பேரு இல்ல சார், ஒருத்தர்தான். அவரும் பாத்துச் சொல்லல, நெனச்சு சொன்னாரு. எங்க வகுப்புல ரெண்டு வருஷமா இதத்தான் பிரிச்சுப் பாக்கச் சொல்லித் தர்றாங்க.”

“அப்ப உங்க அண்ணி அணைச்சாங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியாது சார். பாக்காதத எப்படிச் சொல்றது?”

மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விசாரித்துத் தெரியும்வரை யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, வேலையைப் பாருங்கள் என்றார்.

பஸ்ஸில் நாத்தனார் காதருகே குனிந்தாள். “அண்ணி, நிஜமாவே அணைச்சீங்களா?”

“அணைச்சேன்டி.”

“நீங்க சொல்றீங்க” என்றாள், சிரிக்காமல். அவள் கையைக் கிள்ளினேன்.

வீட்டு வாசலிலேயே மாமியார் நின்றிருந்தார். “ஏம்மா, உன்ன வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே?”

நாத்தனார் வாயைத் திறக்கும் முன்னால் நானே கேட்டேன்.

“யாரு அத்தை சொன்னாங்க?”