மதகுக்காரரும் முந்நூற்றுப் பன்னிரண்டு கொக்குகளும்

மதகுக்காரருக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, சகலையைத் தவிர.

சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர். எல்லைக்கு அந்தப் பக்கம் விவசாயம், கூடவே பறவைக் காவல். இரண்டு நாடும் சேர்ந்து காக்கிற சதுப்பு நிலம் அது. இவர் பக்கம் மதகு. அவர் பக்கம் நாணல், நாணலுக்குள் கொக்குக் கூடுகள். படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் போனார்கள். போன வருஷம் சகலையின் முகம் பேப்பரில் வந்தது. வீட்டுக்காரி அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். சட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரிந்தது.

வருஷத்துக்கு ஒரு நாள் காலையில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொக்கு எண்ணுவார்கள். பதினோரு வருஷமாக அந்தப் பக்கம்தான் அதிகம். இந்தத் தடவை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டு, முந்தின நாள் மத்தியானமே மதகில் இரண்டு பலகையைத் தூக்கிவிட்டார். இவர் பக்கத்துத் தண்ணீர் அந்தப் பக்கம் வடிந்தது. இங்கே சேறு தெரிந்தது, மீன் துள்ளியது. காலையில் இரைக்குக் கூட்டத்தில் முக்கால்வாசி இங்கேதான். இந்தப் பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு, அந்தப் பக்கம் தொண்ணூற்று நாலு! கணக்கெடுக்க வந்த அதிகாரி கைகொடுத்தார்.

சும்மா இருப்பாரா? அனுமதிச் சீட்டைக் காட்டிப் பாலம் தாண்டி, சகலை முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார்.

சகலை முழங்கால் சேற்றில் நின்றார். அறுவடைக்கு நின்ற நெல் முழுக்கத் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது.

"என்ன சகல இது?"

"நேத்து தண்ணி ஒரு சாண் ஏறிடுச்சு. விட்டா கூடெல்லாம் மூழ்கியிருக்கும், முட்டையோட. வேற வழியில்ல, கரைய வெட்டி என் வயலுக்குத் திருப்பிட்டேன்."

மதகுக்காரர் மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதிகாரிங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பழைய மதகு, பலகை நழுவியிருக்கும்னு சொல்லிட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

"நழுவல. நான்தான் தூக்கினேன்."

"தெரியும். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கமும் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கை கழுவும்போது, இந்த மனசும் இந்த ஆளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.